அடிபட்ட முதல் வாரம்: ராமநாதபுரம் கரையோரத்தில் நஷ்டஈடு கேட்பது எப்படி

மூன்று வருடத்துக்கு முன்னால் உச்சிப்புளி தாண்டி என் மச்சான் மேல் ஒரு வெளியூர்க் கார் மோதியது. பின்னால் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு எக்ஸ்.எல்.லில் வந்துகொண்டிருந்தார். வலது கணுக்கால் நொறுங்கிவிட்டது. காரில் இருந்தவர்கள் ராமேஸ்வரத்தில் சாமி கும்பிட்டுத் திரும்பிய குடும்பம். நல்ல மனிதர்கள்தான், அவர்களே ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். "கேஸ் கீஸுன்னு எதுக்குங்க" என்று யாரோ சொல்ல, சீட்டு எழுதும் இடத்தில் "வண்டியிலிருந்து தவறி விழுந்துட்டார்" என்று சொல்லிவிட்டார்கள். இருபதாயிரம் ரூபாய் கை மாறியது. இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு வெள்ளைத்தாளில் மச்சான் கையெழுத்தும் போட்டார். பிளேட், ஸ்க்ரூ எல்லாம் வைத்து ஆபரேஷன் முடிந்து நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, ஆடுகிற படகில் இனி அவரால் நிற்க முடியாது என்று.

ஐந்தாவது மாதம் ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலிடம் போனோம். அவர் காலைப் பார்க்கவே இல்லை. "ஏ.ஆர். காப்பி கொண்டுவந்தீங்களா?" என்றார். ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலைத்தான் கேட்டார். அதிலிருந்த அந்த ஒரு வரியைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். 'தவறி விழுந்தார்' என்று எழுதிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கார் மோதியதை இனி நிரூபிக்க வேண்டும்.

அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. வக்கீலிடம் போகும் முன்பு எதைச் செய்திருக்க வேண்டும், எதைச் செய்யாமல் இருந்திருக்க வேண்டும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவன். நான் பார்த்தவரை நம் பக்கத்து வழக்குகள் பலவும் முதல் வாரத்திலேயே, ஆஸ்பத்திரி வாசலிலும் டீக்கடைப் பஞ்சாயத்திலும் வைத்துத் தோற்றுப்போகின்றன.

யாரைக் கேட்கலாம், யாரைக் கேட்க முடியாது

அடிபட்டவர்கள் எல்லோருக்கும் நஷ்டஈடு கிடையாது. தனுஷ்கோடியில் அலையோடு விளையாடப் போய்க் கல்லில் கால் இடறினால் யாரையும் கேட்க முடியாது. பொதுவாகச் சட்டம் மூன்று விஷயங்களைப் பார்க்கும். எதிராளிக்குக் கவனமாக நடக்கவேண்டிய கடமை இருந்ததா? அதில் தவறினாரா? அந்தத் தவறால்தான் உங்களுக்குக் காயமா? மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும். மூன்றாவதை நம் ஆட்கள் மறந்துவிடுவார்கள். வண்டிக்காரரிடம் லைசென்ஸ் இல்லை என்பது ஒரு குற்றம். ஆனால் அவர் சரியாக ஓட்டிவந்து, நீங்கள் குறுக்கே பாய்ந்திருந்தால் லைசென்ஸ் இல்லாத அந்த ஒரே காரணத்துக்காகப் பழி முழுவதும் அவர் தலையில் விழுந்துவிடாது.

இதற்கு விலக்குகளும் உண்டு. வேலை செய்யும் இடத்தில் நடந்த விபத்து, ரயிலிலிருந்து விழுவது, மின்கம்பி அறுந்து விழுவது ஆகியவற்றில் எதிர்த்தரப்பு தவறு செய்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. சாலை விபத்திலும் தவறைப் பற்றிப் பேசாமலே ஒரு நிலையான தொகையைக் கேட்க வழி இருக்கிறது. எல்லாவற்றையும் வரிசையாகப் பார்க்கலாம்.

இன்னொன்று. போலீஸ் போடும் கிரிமினல் கேஸ் வேறு, நஷ்டஈட்டு வழக்கு வேறு. கிரிமினல் கோர்ட்டில் டிரைவர் கட்டும் அபராதம் பொதுவாக அரசாங்கத்துக்குத்தான் போகிறது, அதிலிருந்து உங்களுக்கு ஏதாவது கொடுக்கச் சொல்வது கோர்ட்டின் விருப்பம். அந்த வழக்கில் அவர் விடுதலையாகிவிட்டாலும் உங்கள் வழக்கு தானாகச் சாகாது. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இங்கே யார் பக்கம் நியாயம் கூடுதலாகத் தெரிகிறது என்று பார்த்தால் போதும்.

முதல் நாள்: ஆஸ்பத்திரியில் சொல்லும் முதல் வாக்கியம்

சீட்டு எழுதும் இடத்தில் கேட்பார்கள், "எப்படி அடிபட்டுச்சு?" அந்தக் கேள்விக்கு நீங்களோ கூட வந்தவரோ சொல்லும் பதில்தான் விபத்துப் பதிவேட்டில் ஏறும். அதன் நகல்தான் ஏ.ஆர். காப்பி. வருடக்கணக்கில் நடக்கப்போகும் வழக்குக்கு அஸ்திவாரம் அந்த ஒன்றரை வரி. நேரம், இடம், எந்த வண்டி, எப்படி மோதியது, நம்பர் தெரிந்தால் நம்பர் என்று எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். யாரையும் காப்பாற்றுவதற்காக மாற்றிச் சொல்லாதீர்கள். கூட்டியும் சொல்லாதீர்கள். ராமேஸ்வரத்தில் ஒரு பதிவு, அங்கிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு பதிவு, அப்புறம் மதுரை ராஜாஜி மருத்துவமனையில் இன்னொரு பதிவு என்று நம் ஊர்க் காயம் மூன்று இடத்தில் எழுதப்படும். மூன்றிலும் கதை ஒன்றாக இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் தேடுவதே இதில் உள்ள முரண்பாட்டைத்தான்.

முதலிலேயே தப்பாக எழுதிவிட்டார்களா? உடனே போலீஸில் கொடுக்கும் வாக்குமூலத்தில், ஏன் அப்படிச் சொல்ல நேர்ந்தது என்று சேர்த்துச் சொல்லுங்கள். மருத்துவமனைக்கும் எழுத்தில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். எழுதியது அழியாது. ஆனால் நாள் தள்ளாமல் திருத்தக் கேட்டிருக்கிறீர்கள் என்பதற்கு ஓர் ஆதாரம் இருக்கும்.

செலவை நினைத்துப் பயந்து தனியாரிடமோ வைத்தியரிடமோ ஓடவேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025-இல் மத்திய அரசும் சாலை விபத்துக்கு 7 நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அடிபட்டவரைத் தூக்கிவரும் வழிப்போக்கரைப் போலீஸோ ஆஸ்பத்திரியோ பிடித்து வைத்துக் கேள்வி கேட்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு அதற்கென்றே இருக்கிறது. கூட வந்து உதவுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். பயந்துதான் பாதிப் பேர் சாட்சியாக நிற்பதில்லை.

நாட்டுக்கட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டுப் போடுவதில் நம்பிக்கை இருந்தால் அது உங்கள் விருப்பம். ஆனால் அதற்கு முன் எக்ஸ்ரே எடுத்து, டாக்டர் எழுதிய சீட்டை வாங்கி வையுங்கள். எலும்பு முறிந்ததற்கே ஆதாரம் இல்லாமல் கோர்ட்டில் போய் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: போலீஸ்

விபத்து நடந்த எல்லைக்குரிய ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுங்கள். எல்லை வேறு என்று திருப்பி அனுப்ப வழியில்லை, எந்த ஸ்டேஷனிலும் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்பலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். 2024 ஜூலை 1-க்குப் பின் நடந்த விபத்தென்றால் அதில் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 (அஜாக்கிரதையாக ஓட்டியது), 125 (காயம்), இறப்பு என்றால் 106 ஆகிய பிரிவுகள் இருக்கும். புகாரை வாங்கிக்கொண்டதற்குக் கொடுக்கும் வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வராதீர்கள். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம். அடிபட்டவன் முதலில் உயிரைத்தான் பார்ப்பான், ஸ்டேஷனுக்கு ஓட மாட்டான், எஃப்.ஐ.ஆர். தாமதம் ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டி இழப்பீட்டு மனுவைத் தள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. தாமதத்துக்கான காரணம் நம்பும்படி இருக்க வேண்டும், அவ்வளவுதான். மச்சான் வழக்கு உயிரோடு இருந்ததே இந்தத் தீர்ப்பின் புண்ணியத்தில்.

2022-இல் வந்த விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்தில் போலீஸ் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. அனுப்பிவிட்டார்களா என்று எழுத்தில் கேளுங்கள். போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்று கையைக் கட்டிக்கொண்டு மட்டும் உட்காராதீர்கள்.

மூன்றாம் படி: சாலை விபத்து மனு

வக்கீல் ஆபீஸ்களில் இதை எம்.சி.ஓ.பி. என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவில், மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடும் மனு. விபத்து நடந்த இடத்தில் போடலாம், நீங்கள் குடியிருக்கும் இடத்திலும் போடலாம். திருப்பூரில் வேலைக்குப் போய் அடிபட்ட சாயல்குடிப் பையன் ராமநாதபுரத்திலேயே மனு போடலாம். மோதிய கார் கர்நாடகப் பதிவு என்றாலும் அதே கதைதான், நீங்கள் பெங்களூருக்கு ஓட வேண்டாம்.

கெடு ஆறு மாதம். பல வருடங்கள் கெடுவே இல்லாமல் இருந்து, 2022 ஏப்ரல் 1 முதல் திரும்ப வந்திருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. அது எப்படியோ போகட்டும், நீங்கள் ஆறு மாதம் என்றே கணக்கு வையுங்கள்.

கரையோரத்தில் அடிக்கடி கேட்கும் நிலைமைகள் சிலவற்றைச் சொல்கிறேன்.

குட்டி யானையில் ஏறிப் போவது நமக்குப் பழக்கம். ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு, கல்யாண வீட்டுக்கு, துக்க வீட்டுக்கு என்று குடும்பத்தோடு ஏறிவிடுவோம். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவருக்கு வண்டியின் இன்சூரன்ஸ் பொறுப்பாகாது. வண்டி உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டும், அவரிடம் என்ன இருக்கும்? ஆனால் அதே வண்டியில் தன் மீன் கூடையோடு போகும் பெண்ணுக்கு விலக்கு உண்டு. 1994-இல் வந்த திருத்தத்தின்படி, சரக்கின் உரிமையாளரும் அவர் சார்பில் போகிறவரும் இன்சூரன்ஸ் பாதுகாப்புக்குள் வருவார்கள். ஏலம் எடுத்த சீட்டு மடியில் இருந்தால், கூடை அவருடையது என்பதற்கு அதுவே சாட்சி. மீன் விற்கும் அக்காமார் அந்தச் சீட்டை அன்றைக்கே கிழித்துப் போடாமல் இருப்பது நல்லது.

இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டானா? இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இது புதிதில்லை. வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் என்று நிலையான தொகை உண்டு. வருவாய்த் துறை அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள். பின்னால் வண்டி அகப்பட்டு வழக்கில் ஜெயித்தால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்கள்.

வண்டி தெரியும், ஆனால் யார் தவறு என்று நிரூபிப்பது கஷ்டம் என்றால் 164-ஆம் பிரிவு இருக்கிறது. இறப்புக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம், தவறு பற்றிய பேச்சே இல்லை. ஆனால் அதை வாங்கிக்கொண்டால் 166-இல் கேட்பது முடிந்துபோகும். காயம் பெரிது, வயது சின்னது என்றால் அவசரப்பட்டு இதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

எதிர் வண்டி டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை, அதனால் இன்சூரன்ஸ் வராது என்று பயமுறுத்துவார்கள். பல வழக்குகளில் கோர்ட், முதலில் கம்பெனி பணத்தைக் கட்டட்டும், அப்புறம் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறது. இன்சூரன்ஸே இல்லாத வண்டி என்றால்தான் சிக்கல். உரிமையாளரின் சொத்தைத் தேடித் திரிய வேண்டியிருக்கும்.

குறுக்கே ஆடு மாடு வந்து நீங்களே விழுந்தீர்களா? எதிர்த்தரப்பு இல்லாத விபத்துக்கு 166 உதவாது. ஆனால் வண்டி உங்கள் பேரில் இருந்து, லைசென்ஸும் இருந்து, இன்சூரன்ஸ் எடுக்கும்போது உரிமையாளர்–ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கும் பணம் கட்டியிருந்தால், இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 15 லட்சம் உண்டு. பாலிசித் தாளின் கடைசி வரிகளில் இருக்கும். யாரும் படிப்பதில்லை, அதனால் கேட்பதும் இல்லை.

உங்கள் மேலும் கொஞ்சம் தவறு இருந்தால் அந்தப் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். மூன்று பேர் ஏறிப் போனதாலேயே பழி உங்கள் மேல் வந்துவிடாது. அப்படிப் போனதால்தான் விபத்து நடந்தது என்று எதிர்த்தரப்பு காட்ட வேண்டும்.

நான்காம் படி: எவ்வளவு கேட்பது?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தொகையை நீதிபதி மனம்போல் எழுதுவதில்லை, கணக்கு இருக்கிறது. 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வயதுக்கேற்ற பெருக்கல் எண்ணைக் கொடுத்தது. 21 முதல் 25 வயதுக்கு 18, 36 முதல் 40-க்கு 15, 46 முதல் 50-க்கு 13, 56 முதல் 60-க்கு 9 என்று இறங்கிக்கொண்டே போகும். 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் இன்னொன்று சேர்ந்தது. சொந்தத் தொழில் செய்கிறவருக்கும் எதிர்கால வருமான உயர்வு உண்டு. 40 வயதுக்குக் கீழே 40 சதவீதம், 40 முதல் 50 வரை 25 சதவீதம், 50 முதல் 60 வரை 10 சதவீதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 38 வயது மீன்பிடித் தொழிலாளி, மாத வருமானம் 15,000 என்று கோர்ட் ஏற்றுக்கொள்கிறது. அதில் 40 சதவீதம், அதாவது 6,000 கூட்டினால் 21,000. வருடத்துக்கு 2,52,000. பெருக்கல் எண் 15. ஆக 37,80,000. இது முழுச் சம்பாத்தியமும் போனால் உள்ள கணக்கு. சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனதென்றால் 11,34,000 ரூபாய். 10 சதவீதம்தான் என்று முடிவானால் 3,78,000.

பார்த்தீர்களா, சண்டை முழுக்க அந்தச் சதவீதத்தில்தான். மருத்துவ போர்டு கணுக்காலுக்கு 20 சதவீத ஊனம் என்று எழுதும். அது உடம்பின் கணக்கு. பிழைப்பின் கணக்கு வேறு என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. மேஜை வேலை பார்ப்பவருக்கு விறைத்துப்போன கணுக்கால் பெரிய நஷ்டமில்லாமல் போகலாம். கடலில் படகு ஆடும்போது கால்விரலை ஊன்றி மடிவலை இழுப்பவருக்கு அது பிழைப்பையே எடுத்துவிடும். இதை உங்கள் வக்கீல் நீதிபதிக்கு விளக்கவேண்டும் என்றால் முதலில் நீங்கள் அவருக்கு விளக்கவேண்டும். படகுத் தளத்தில் எப்படி நிற்போம், எந்தக் கையால் கயிறு பிடிப்போம் என்று செய்து காட்டுங்கள். கடல் தெரியாத வக்கீலும் உண்டு, நீதிபதியும் உண்டு.

அடுத்தது வருமான ஆதாரம். சம்பளச் சீட்டு இல்லாதவன் என்ன காட்டுவான்? ஏலச் சீட்டுகள், மீனவர் அடையாள அட்டை, கூட்டுறவுச் சங்கப் புத்தகம், பேங்க் பாஸ்புக், படகு உரிமையாளரின் சாட்சி. படகு உரிமையாளர் எழுத்தில் கொடுத்தால் மட்டும் போதாது, கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அப்போது வருமானம் இல்லையே என்று எதிர் வக்கீல் கேட்பார். வலை பின்னும் கூலி, கரை வேலை என்று அந்த 61 நாளில் என்ன செய்தீர்கள் என்பதற்கும் பதில் தயாராக இருக்கட்டும். ஆதாரமே இல்லாவிட்டாலும் வழக்கு விழாது. 2014-இல் ஒரு காய்கறி வியாபாரிக்கு, எழுத்து ஆதாரம் கேட்டு நெருக்காமல், மாதம் 6,500 ரூபாய் என்று உச்ச நீதிமன்றமே எடுத்துக்கொண்டது.

இதற்கு மேல் மருந்துச் செலவு, வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கு, சத்தான உணவுக்கு, மதுரைக்குப் போய்வந்த வண்டி வாடகைக்கு, பிளேட்டை எடுக்கப் பின்னால் செய்யப்போகும் ஆபரேஷனுக்கு என்று தனித்தனியாகக் கேட்கலாம். வாடகைக் கார்க்காரரிடம் ரசீது வாங்குங்கள். எங்களிடம் ஒன்றுகூட இல்லை. தெரிந்த பையன் வண்டி, ரசீது கேட்கக் கூச்சம்.

வேலை செய்யும் இடத்தில் அடிபட்டால்

படகில் கயிறு சுற்றும் வின்ச் இயந்திரத்தில் கை சிக்குவது, ஐஸ் கம்பெனியில் அடிபடுவது, கட்டட வேலையில் சாரம் சரிவது, கரிமூட்டத்தில் தீக்காயம், இவை எல்லாம் முதலாளியின் பொறுப்பு. அவர் தவறு செய்தாரா என்ற கேள்வியே இல்லை, வேலை நேரத்தில் வேலை காரணமாக நடந்ததா என்பதுதான் கேள்வி. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்தான் இத்தனை காலமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தையும் புதிய சட்டம் சேர்த்துக்கொள்கிறது.

பழைய சட்டத்தின் கணக்கு எப்படி என்றால், இறப்புக்கு மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்குவார்கள். கூலி 15,000-க்கு மேல் இருந்தாலும் 15,000 என்றே எடுப்பார்கள். 40 வயதுக்குக் காரணி 184.17. ஆக 7,500 × 184.17 = 13,81,275 ரூபாய். முழு ஊனம் என்றால் பாதிக்குப் பதில் 60 சதவீதம். ஒரு மாதத்துக்குள் முதலாளி கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதமும் உண்டு. மனு போட இரண்டு வருடம் அவகாசம். தொழிலாளர் துறையில் கேட்க வேண்டும், சாதாரண கோர்ட்டில் அல்ல.

படகுத் தொழிலில் ஒரு சிக்கல், பங்கு. கூலிக்குப் போகாமல் பங்குக்குப் போகிறவரை, "அவர் தொழிலாளி இல்லை, பங்காளி" என்று உரிமையாளர் தரப்பு சொல்லும். அப்போது பார்க்கவேண்டியது, படகு யாருடையது, எப்போது போகவேண்டும் எங்கே வலை விடவேண்டும் என்று சொல்வது யார், நஷ்டம் வந்தால் தாங்குவது யார் என்பதை. நஷ்டத்தில் பங்கில்லாதவன் என்ன பங்காளி? மீன்வளத் துறை டோக்கன் வாங்கும்போது கடலுக்குப் போகிறவர்களின் விவரத்தில் உங்கள் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேறொருவர் பெயரில் போய் அடிபட்டால் எல்லாமே சிக்கல்தான். கடலில் நடந்ததென்றால் கரைக்கு வந்த உடனே கடலோரக் காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.

சரக்கு இறக்கப் போகும்போது லாரி கவிழ்ந்தது போன்ற வழக்கில் மோட்டார் சட்டமும் தொழிலாளர் சட்டமும் இரண்டுமே பொருந்தும். ஒன்றைத்தான் எடுக்கலாம். எதில் கூடுதலாக வரும் என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இதெல்லாம் போக, வழக்கே போடாமல் கிடைக்கும் பணமும் இருக்கிறது. பிரதமர் மீன்வளத் திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் பதிவான மீனவருக்கு இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம். பேங்க்கில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிறார்களே, அந்தச் சுரக்ஷா பீமாவில் இறப்புக்கு 2 லட்சம். பாஸ்புக்கில் அந்த 20 ரூபாய் பற்று இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மீனவர் நல வாரியம், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இரண்டிலும் உறுப்பினர் அட்டை இருந்தால் அங்கேயும் கேட்கலாம். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் பலர் எதிலும் பதியாமலே இருக்கிறார்கள். நாள் முழுக்கக் கடலுக்குள் நிற்கிறவர்களுக்கு ஒரு அட்டை கிடையாது என்பது எனக்கு ஆறாத கோபம்.

மற்ற வழிகள், சுருக்கமாக

ரயிலில் ஏறும்போதோ ஓடும் ரயிலிலிருந்தோ தவறி விழுந்தால் ரயில்வே சட்டம் 124ஏ பிரிவில் கேட்கலாம். இறப்புக்கு 8 லட்சம். ஒரு வருடத்துக்குள் ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். குடிபோதை, தற்கொலை முயற்சி என்றால் கிடையாது. டிக்கெட் தொலைந்துபோனதாலேயே மனுவைத் தள்ள மாட்டார்கள், ஆனால் பயணிதான் என்று காட்ட வேண்டும்.

உப்புக்காற்றில் அரித்த மின்கம்பி அறுந்து ஷாக் அடித்தால், மின்வாரியத்தின் கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை. ஆபத்தான பொருளைக் கையாள்பவரே பொறுப்பு என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கம்பியை அகற்றும் முன் போட்டோ எடுங்கள். நடந்தது பற்றித் தகராறு இல்லை என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு நேராகப் போக வாய்ப்புண்டு, தகராறு இருந்தால் சிவில் கோர்ட்.

பணம் கட்டிப் பார்த்த மருத்துவமனையில் சிகிச்சைத் தவறு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடத்துக்குள். எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை அதற்குள் வராது. இன்னொரு டாக்டரின் எழுத்துபூர்வமான கருத்து இல்லாமல் இந்த வழக்கைத் தொடங்காதீர்கள். சிகிச்சை பலிக்காமல் போனதெல்லாம் தவறாகிவிடாது.

வக்கீல், ராஜி, பணம்

வார்டுக்கே தேடிவந்து "கேஸ் நாங்க பார்த்துக்கிறோம், வர்றதுல இவ்வளவு பெர்சன்ட்" என்று பேசுகிறவரிடம் காகிதம் கொடுக்காதீர்கள். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று வக்கீல் ஃபீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிக்கு விரோதம். வக்காலத்துத் தவிர, எழுதாத வெற்றுத் தாளிலோ செக்கிலோ கையெழுத்துப் போட வேண்டாம். ஒரிஜினல் பில்களைக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபீஸ் கொடுக்க வழியில்லையா? பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் எல்லோருக்கும் இலவச வக்கீல் வைத்துக்கொடுப்பது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வேலை. 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

வழக்கு நடக்கும்போதே மக்கள் நீதிமன்றத்துக்குக் கூப்பிடுவார்கள். அங்கே முடித்தால் சீக்கிரம் பணம் வரும், ஆனால் அப்புறம் அப்பீல் கிடையாது. அதனால் போகும் முன் மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் போட்டுக் கையில் வைத்திருங்கள். நாங்கள் இரண்டு வருடம் கழித்து அங்கேதான் முடித்தோம். அந்த வெள்ளைத்தாளை எதிர்த்தரப்பு நீட்டியது. அப்படிப்பட்ட சீட்டு மட்டும் வழக்கைக் கொன்றுவிடாது, கொடுத்த பணத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்லலாம் என்று வக்கீல் வாதாடினார். ஆனால் 'தவறி விழுந்தார்' என்ற வரி கூடவே வந்து பேரத்தில் உட்கார்ந்துகொண்டது. கணக்குப்படி வரவேண்டியதில் ஏறக்குறைய பாதிக்கு ஒத்துக்கொண்டோம்.

தீர்ப்பாயத்தில் தீர்ப்பே வாங்கினால், தொகை போதாது என்று 90 நாளுக்குள் மதுரைக் கிளையில் அப்பீல் போடலாம். தகராறில் உள்ள தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவு என்றால் முடியாது. வட்டி, மனு போட்ட நாளிலிருந்து கணக்கு. நம் மாநிலத்தில் பெரும்பாலும் ஏழரை சதவீதம் போடுகிறார்கள். பணம் உங்கள் பேங்க் கணக்குக்குத்தான் வர வேண்டும், வேறு யார் கணக்குக்கும் அல்ல. சின்னப் பிள்ளைகளின் பங்கை வயது வரும்வரை வைப்புநிதியில் போட்டுவிடுவார்கள். படிப்புச் செலவுக்கோ வைத்தியத்துக்கோ நடுவில் வேண்டுமென்றால் அதே தீர்ப்பாயத்தில் மனு போட்டு எடுக்கலாம். பள்ளிக்கூட ஃபீஸ் ரசீதை இணைத்துக் கொடுங்கள்.